உண்ணி விட வந்தவர்கள்

காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது ஒரு நீல நூல்.

வேலிக்கு அப்பால், அயல்வீட்டு அக்காவின் காணியில், எனக்குக் கிட்ட நிற்கும் தென்னையின் அடி மட்டையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகத் தென்மேற்கிலிருந்து அடித்த சோளகக் காற்று அந்த நேரத்தில் சற்று அடங்கியிருந்தது. நூல் ஆடவில்லை, ஆகவே அதன் நுனியைப் பார்க்க முடிந்தது. காற்றில் அறுந்த நூல் நுனியில் பிசிர் விட்டிருக்கும். இதில் பிசிர் இல்லை. கத்தியால் அறுத்திருந்தார்கள்.

இரண்டு நாளுக்கு முன் அந்த நூலில் விரல் நீளத் தென்னோலைத் துண்டு ஒன்றைக் கட்டினார்கள். கட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். அக்காவின் காணியில் பன்னிரண்டு துண்டுகள், என்னுடைய காணியில் பன்னிரண்டு. வேலியோரமாக நடந்து மற்ற மரங்களையும் பார்த்தேன். நான் நின்ற பக்கத்திலிருந்து ஏழு நூல்கள் தெரிந்தன. ஏழிலும் ஓலை இல்லை. ஏழும் ஒரே மாதிரி அறுக்கப்பட்டிருந்தன.

அக்காவின் குசினியில் புகை எழும்பியிருந்தது. கிணற்றுக்கட்டில் மருந்து விசிறும் தாங்கி ஒன்று, முதுகில் மாட்டும் வார் தொங்க, இருந்தது. முதல் நாள் அது அங்கே இருக்கவில்லை. நான் நேரத்தையும் தாங்கியையும் கொப்பியில் குறித்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின், தீவுப்பக்கம் சரவணையில் இருக்கும் வீட்டுக்கு நான் வந்து நாலு வருடம். வந்த இரண்டாம் வருடத்தில் வெள்ளை ஈ வந்தது. பத்திரிகையில் அதை வெண் ஈ என்று எழுதுவோம். ஓலையின் அடிப்பக்கத்தில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகப் படியும். அது கழிக்கும் இனிப்புப் பாணி கீழே இருக்கும் ஓலையில் விழ, அதில் கரி பூசியது போலக் கறுப்பு ஏறும். மரம் சாகாது. ஆனால் பிஞ்சுக் குரும்பட்டி நிற்காமல் கொட்டும். எனக்குத் தென்னை என்றால் வீட்டுக் கறிக்குத் தேங்காய். அக்காவுக்கு அப்படியல்ல. தனியாக இருப்பவர். நாற்பது தென்னையும் ஆறு ஆடும்தான் அவருடைய சீவியம். காலையில் அவர் முற்றம் கூட்டும்போது குரும்பட்டிகள் விளக்குமாற்றில் உருளும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். அந்த வருடம் அந்தச் சத்தம் அதிகமாகக் கேட்டது.

சித்திரையில் அவர் மருந்தடிக்கும் ஆள் ஒருவரிடம் சொல்லி வைத்தார். அதே கிழமை அரசாங்கத் தென்னைக் கந்தோரிலிருந்து ஒரு வெளிக்கள உத்தியோகத்தர் ஸ்கூட்டரில் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்து அதைத் தின்று முடிக்கும் ஒரு சிறிய பூச்சி இருக்கிறது, அதைக் கொண்டுவந்து விடப்போகிறோம், அதுவரை மருந்து அடிக்கக்கூடாது, அடித்தால் அந்தப் பூச்சிதான் முதலில் சாகும் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒத்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் ஒரு தவணை பேசி முடித்தோம்: ஆடி முதலாம் தேதி வரை. அன்றைக்கும் ஓலை வெள்ளையாக இருந்தால் மருந்தடிப்பவர் வருவார், நான் வாய் திறக்கக்கூடாது.

அதுவரை எல்லாம் ஒழுங்கு. பிழை என்னுடைய கையால் வந்தது.

உத்தியோகத்தர் போகும்போது கேட்டார்: “ஐயா, நீங்கள் பேப்பரிலை இருந்தனீங்கள். சங்கக்கடையிலை கொழுவ ஒரு அறிவித்தல் எழுதித் தாங்கோ. நான் எழுதினால் கந்தோர்த் தமிழாய்ப் போயிடும்.”

வெள்ளைக் கடதாசி மட்டையில் நானே எழுதினேன். ‘தென்னையைத் தாக்கும் வெண் ஈயைக் கட்டுப்படுத்த எமது கிராமத்தில் ஒட்டுண்ணி விடப்படும். ஒத்துழைக்கவும்.’ பத்திரிகையிலும் பாடப் புத்தகத்திலும் அந்தப் பூச்சிக்கு இருக்கும் சொல் அதுதான். நான் எத்தனையோ செய்திகளில் அதைத் திருத்தமில்லாமல் விட்டிருக்கிறேன். ஒரு சொல்கூட மிகையில்லை என்று எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

மறுநாள் மீன்காரர் வந்தார். மண்டைதீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருபவர். எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு மீனோடு காற்றின் நிலவரமும் மற்றச் செய்தியும் அவர் மூலம்தான் வரும். படலையில் நின்று அக்காவுக்குக் கேட்கும்படி சொன்னார்:

“அண்ணை, சங்கக்கடையிலை மட்டை பாத்தனான். உண்ணி விட வருகினமாம். ஆட்டுக்கோ மாட்டுக்கோ எண்டுதான் போடேல்லை.”

அவர் பகிடிக்குச் சொன்னார். அக்கா மீனைச் சுளகில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“மெய்யே தம்பி? நான் ஆட்டுக்கு உண்ணி பிடுங்கிப் பிடுங்கி விரல் தேஞ்சு போய்க் கிடக்கிறன். உவை கொண்டுவந்து விடப்போகினமோ?”

“அக்கா, ஒட்டுண்ணி வேறை, உண்ணி வேறை.”

“ஒட்டுற உண்ணிதானே ஒட்டுண்ணி?”

சொல்லைப் பிரித்தால் அப்படித்தான் வருகிறது. அது குளவி இனம், உண்ணி இல்லை என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்பது அவர் தலையாட்டிய விதத்தில் தெரிந்தது. பெரிய ஆட்களின் பேச்சுக்கு நானும் பேட்டிகளில் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறேன்.

வைகாசி நடுவில் ஒரு காலை, ஏழு மணிக்கு முன், உத்தியோகத்தர் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் ஈரத்துணி, அதன் மேல் ஓலைத் துண்டுகள். ஒவ்வொரு துண்டின் அடிப்பக்கத்திலும் எங்கள் மரங்களில் இருக்கும் அதே வெள்ளைப் பஞ்சு. அதற்கிடையே கறுப்புப் பொட்டுகள்.

அக்கா ஒரு துண்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். “பிள்ளை, இதுதானே எங்கடை மரத்திலையும் கிடக்கு.”

“அது வெள்ளை ஈயின்ர கூடு அம்மா. கறுப்பாய்க் கிடக்கிற கூட்டுக்குள்ளை எங்கடை பூச்சி இருக்கு. அது வெளியிலை வந்து உங்கடை மரத்திலை இருக்கிற குஞ்சுகளைப் பிடிக்கும்.”

“நோய் பிடிச்ச ஓலையைக் கொண்டுவந்து கட்டினால் நோய் போயிடும் எண்டுறீர்.”

உத்தியோகத்தர் சிரித்தார். அது பதில் இல்லை என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மீன்காரரும் அந்த நேரம் வந்து சேர்ந்தார். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, அது எவ்வளவு பெரிய பூச்சி என்று கேட்டார். அச்சிலே இருக்கும் முற்றுப்புள்ளியளவுகூட இல்லை என்றார் உத்தியோகத்தர். காற்றடித்தால் அது பறக்காது, ஓலைக்குக் கீழே ஒதுங்கியிருக்கும். ஆனால் கொஞ்ச நாள்தான் சீவியம், ஒதுங்கியிருந்தே அந்த நாட்கள் முடிந்துவிடும். வெயில் கூடினால் வெளியே வராமல் கூட்டுக்குள்ளேயே காய்ந்துவிடும். பெருமழை என்றால் அடித்துக்கொண்டு போய்விடும்.

“அப்ப எந்த நாளிலைதான் அது உயிரோடை இருக்கும்?” என்றார் மீன்காரர்.

“காத்தில்லாத, வெயில் ஏறாத காலமையிலை அண்ணை. அதுதான் வெள்ளெனவே வந்தனான்.”

“இண்டைக்குப் பின்னேரம் சோளகம் எழும்பும் தங்கச்சி. மண்டைதீவிலை வள்ளமெல்லாம் மேலை இழுத்துப் போட்டாச்சு. சாட்டிக் கரையாலை வரேக்கை பாத்தனான், தண்ணி நிறம் மாறிக் கிடக்கு. பேந்து ஒரு நாள் கட்டுங்கோவன்.”

“பெட்டி இண்டைக்குத்தான் வந்தது. வைச்சிருந்தால் உள்ளுக்கையே வெளிக்கிட்டுச் செத்துப்போயிடும்.”

என்னிடம் ஒப்பம் வாங்க ஒரு படிவம் நீட்டினார். அதில் ‘காலநிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘உகந்தது’ என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. தேதியை எழுதிய அதே பேனை.

“இதை எப்ப நிரப்பினனீங்கள்?” என்றேன்.

“கந்தோரிலை, எல்லாக் காணிக்கும் ஒரேயடியாய் நிரப்பினது ஐயா.”

ஒப்பம் வைத்தேன். வைத்தது பிழை என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பெண் பொய் சொல்லும் ஆள் இல்லை. ஆனால் வானத்தைப் பார்க்கும் முன் காலநிலையை எழுதும் ஒரு கந்தோர் பெட்டிக்குள் எதை வைத்து அனுப்பும் என்ற கேள்வி எனக்கு அந்த நிமிடத்தில்தான் எழுந்தது.

இருபத்து நாலு துண்டுகளும் நீல நைலோன் நூலால் கை எட்டும் அடி மட்டைகளில் கட்டப்பட்டன. பின்னேரம் மூன்று மணிக்குச் சோளகம் எழும்பியது. தீவில் அந்தக் காற்றுக்குத் தடை ஏதும் கிடையாது. கடலைத் தாண்டி வந்து வெளியைத் தாண்டி வந்து முதலில் முட்டுவது தென்னையில்தான். இரண்டு நாள் மட்டைகள் ஒரே பக்கமாகக் கிடந்தன. அதன் பிறகுதான் அந்த ஐந்து மணி ஐம்பத்திரண்டு.

அன்று காலை என் காணியையும் பார்த்தேன். என்னுடைய பன்னிரண்டில் ஏழு துண்டுகள் காற்றோடு போயிருந்தன. நூலின் நுனிகள் பிசிர் விட்டிருந்தன. மிச்சம் ஐந்தும் சுருண்டு சருகாகியிருந்தன. பத்திரிகையில் படங்களின் அச்சுப் புள்ளிகளைப் பார்க்க வைத்திருந்த சிறிய லென்ஸ் ஒன்று என்னிடம் உண்டு. அதை வைத்துப் பார்த்தேன். கறுப்புக் கூடுகள் திறக்காமல் இருந்தன. ஊசியால் ஒன்றைத் திறந்தேன். உள்ளே இருந்தது தூளாக உதிர்ந்தது.

என் காணியில் காற்று செய்ததை அக்காவின் காணியில் கத்தி செய்திருந்தது. துண்டுகளை அடுப்பில் போட்டிருப்பார், தவணையை மீறி மருந்தும் அடிக்கப்போகிறார் என்று முடிவு செய்தேன். ஆனால் நேரே கேட்கவில்லை. கண்ணால் காணாததைக் கேள்வியாகக்கூடப் போடக்கூடாது என்று பழகியவன்.

அடுத்த நாள் அவர் சங்கக்கடைப் பக்கத்திலிருந்து பத்திரிகைக் கடதாசியில் சுற்றிய ஒரு போத்தலோடு வந்தார். ஒன்பதரை மணிக்குத் தாங்கியை முதுகில் மாட்டினார். நான் வேலிக்கு வந்தேன்.

“என்ன அக்கா, தாங்கியும் முதுகுமாய்?”

“ஏன், மணக்குதோ?”

“இல்லை. சும்மா கேட்டனான்.”

“நீர் சும்மா கேக்கிற ஆளில்லை.” அவர் தாங்கியைத் திருப்பிக் காட்டவில்லை. “உம்மடை உண்ணியள் சுகமோ?”

“காத்தோடை போயிட்டுது அக்கா. உங்கடை பக்கம் எப்பிடி?”

“காத்துத்தானே. எல்லா இடமும் அடிக்கும்.”

அவர் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். காற்று எல்லா இடமும் அடிக்கும் என்றார். தன் துண்டுகளைக் காற்று கொண்டுபோனது என்று சொல்லவில்லை. அமைச்சு அறிக்கைகளில் இந்த வகை வசனங்களைக் கண்டிருக்கிறேன்.

அதற்கு அடுத்த நாள் பத்து மணி போல அவரே படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஒரு கையில் ஆட்டுக் கயிறு. ஆட்டிலிருந்து வேப்பெண்ணெய் மணத்தது. தாங்கிக்குள் இருந்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் மரத்துக்கு எதையும் அடிக்கவில்லை. ஆட்டுக்கு அடித்திருக்கிறார்.

ஆட்டின் காதை மடித்துப் பிடித்தார். உள்ளே உளுந்து அளவில் ஒன்று ஒட்டியிருந்தது.

“இதுக்கு என்ன பேர்?”

“உண்ணி.”

“மட்டையிலை நீர் என்ன எழுதினனீர்?”

“அக்கா, சித்திரையிலை ஒரு மழை பெஞ்சது. புல்லு எழும்பினால் உண்ணியும் எழும்பும். ஒவ்வொரு வருசமும் இருக்கிறதுதானே.”

“ஒவ்வொரு வருசமும் நீர் மட்டை எழுதிறேல்லை.”

இனிச் சுற்றி வளைப்பதில் பயன் இல்லை. “உங்கடை ஓலைத் துண்டெல்லாம் எங்கை?” என்று கேட்டேன்.

“இருக்கு.”

“எரிக்கேல்லையோ?”

“எரிச்சால் நாளைக்கு எதைக் காட்டுறது?” ஆட்டை என் மாமரத்தில் கட்டிவிட்டு நின்றார். “பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோகப் போறன். வாயாலை சொன்னால் உவை நம்பாயினம். சாமான் கையிலை இருக்கவேணும். கட்டிவிட்டுப் பிள்ளை ஒழுங்கை திரும்பவே கத்தியாலை அறுத்துப்போட்டன்.”

அப்படியானால் சோளகம் எழும்பியபோது அந்தத் துண்டுகள் மரத்தில் இருக்கவில்லை. இதை நான் அந்த இடத்திலேயே கணக்குப் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை.

என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே குசினி அலுமாரியின் மேல் தட்டில், பால்மா வந்த பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றுக்குள், பன்னிரண்டு துண்டுகளும் இருந்தன. உண்ணி வெளியே வராதபடி போத்தலின் வாய் இரட்டைத் துணியால் கட்டப்பட்டிருந்தது. துண்டுகள் பச்சையாகவே இருந்தன. அலுமாரிக்குப் பக்கத்தில் மண்பானையில் தண்ணீர். அந்த மூலையில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. துணியின் உட்பக்கம் அரைத்த மிளகு சிந்தியது போல ஏதோ இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க அதில் ஒன்று நடந்தது.

“பாரும்,” என்றார் அக்கா. “பொரிச்சுப் போட்டுது.”

லென்ஸை எடுத்து வந்தேன். ஆட்டிலிருந்து பிடுங்கிய உண்ணியை முதலில் ஒரு வெள்ளைக் கடதாசியில் வைத்தேன். அக்கா லென்ஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் சொல்லித் தான் பார்க்க அவருக்கு விருப்பமில்லை என்பது தெரிந்தது. கால்களைச் சத்தம் போட்டு எண்ணினார். எட்டு.

பிறகு போத்தலைச் சன்னல் பக்கம் திருப்பி, கண்ணாடியில் நடந்த ஒன்றின் மேல் லென்ஸைப் பிடித்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“இறகு கிடக்கு.”

“உண்ணிக்கு இறகு இருக்கோ அக்கா?”

“நீர் கேள்வி கேக்க வேண்டாம். நான் எண்ணுறன்.” இன்னும் கொஞ்ச நேரம். “ஆறு கால்.”

அவர் அதோடு விடவில்லை. துண்டுகளைக் கண்ணாடியூடாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி லென்ஸை என்னிடம் நீட்டினார்.

“அப்ப இது என்ன?”

ஒரு துண்டின் மேல் மூன்று வெள்ளை ஈக்கள் இருந்தன. இறகு விரித்த, புதிதாக வெளியே வந்த ஈக்கள். போத்தலின் அடியில் இன்னும் சில. துண்டில் இருந்த வெறுங்கூடுகளும் இரண்டு வகையாக இருந்தன. சிலவற்றில் ஊசியால் குத்தியது போல வட்டமான துளை. சில, முதுகுப் பக்கம் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்திருந்தன. கறுப்புக் கூடுகளில் இருந்தது துளை. வெள்ளைக் கூடுகளில் இருந்தது பிளவு. துளையால் வந்தது பூச்சி, பிளவால் வந்தது ஈ.

“பிள்ளை நோயையும் சேத்துத்தான் கட்டியிருக்கு,” என்றார் அக்கா.

அவர் சொன்னது உண்மை. அன்று முழுவதும் எனக்குச் சரியாகத் தெரிந்த ஒரே விடயமும் அதுதான். உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

“கொஞ்சம் கலந்து வரும் ஐயா. முழுக்கப் பிரிக்கேலாது,” என்றார் அவர். “உங்கடை மரத்திலை இருக்கிறதோடை பாத்தால் அது ஒண்டுமேயில்லை.”

“அதை ஏன் கட்டேக்கை சொல்லேல்லை?”

“சொன்னால் ஒருத்தரும் கட்ட விடமாட்டினம்.”

அக்கா போனைப் பார்த்துத் தலையாட்டினார். இந்த முறை ஆட்டிய விதம் வேறு. உண்மை என்று ஒன்றைக் கேட்டபிறகு அந்தப் பெண் மேல் அவருக்கு இருந்த கோபம் குறைந்ததாக எனக்குப் பட்டது. என்னுடையது குறையவில்லை.

பிறகு அவர் செய்தது நான் எதிர்பார்க்காதது. ஒரு ஈர்க்கை எடுத்து நுனியைத் தண்ணீரில் தோய்த்தார். துணியின் ஒரு ஓரத்தைச் சிறிதாக விலக்கி, ஈர்க்கை உள்ளே விட்டு, வெள்ளை ஈ ஒன்றைத் தொட்டார். அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. வெளியே எடுத்து விரலால் நசுக்கினார். வெள்ளை ஈ பெரிது, சோம்பேறி. தொடும் வரை இருக்கும். சிறியவை கண்ணாடியின் மேற்பக்கமாக ஏறிவிட்டன. ஒவ்வொன்றாகப் பத்தொன்பதை எடுத்தார். உண்ணி பிடுங்கிப் பழகிய கை. ஒருமுறைகூடத் துணி முழுதாகத் திறக்கவில்லை.

“காத்து எப்ப விழும்?” என்று என்னைக் கேட்டார்.

அது எனக்குத் தெரியாது. மீன்காரருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாள் விடிய விழும், ஒரு நாளைக்குத்தான், பிறகு ஆவணி வரைக்கும் இதே கூத்துத்தான் என்றார்.

விடிய ஆறு மணி. காற்று விழுந்திருந்தது. அக்காவின் கிணற்றடியில், சோளகம் வரும் பக்கத்தில் இரட்டைப் பனையோலை வேலி. அதன் மறைவில் ஒரு இளந்தென்னை. அதன் அடி மட்டையின் கீழ் போத்தலைப் பிடித்துத் துணியை அவிழ்த்தார். ஒன்றும் பறப்பதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் போத்தலின் வாயில் இருந்த மிளகுத்தூள் குறைந்திருந்தது. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மிச்சத் துண்டுகளை அந்த மட்டையிலேயே கட்டினார். எங்கள் இரண்டு காணிகளிலும் உயிரோடு மிஞ்சியவை அவை மட்டும்தான்.

“ஆடி முதலாந்தேதி,” என்றார். “தவணை மாறேல்லை.”

அன்றே நான் சங்கக்கடைக்குப் போய் மட்டையில் ‘ஒட்டுண்ணி’ என்பதை வெட்டி ‘சிறுகுளவி’ என்று எழுதினேன். பத்திரிகையில் என்றால் முதல் பக்கத்தில் வந்த பிழைக்குத் திருத்தம் உள் பக்கத்தில் வரும். இதற்கு உள் பக்கம் இல்லை. வெட்டிய சொல் வெட்டியபடியே எல்லோருக்கும் தெரிந்தது. மீன்காரர் அதையும் வாசித்தார்.

“குளவியோ அண்ணை? கொட்டுமோ?”

“கொட்டாது.”

“அப்ப உண்ணியே நல்லாயிருந்தது. அதுக்கு ஆக்கள் பயந்தாவது இருந்தினம்.”

ஆனி நடுவில், ஒருவரும் எதிர்பாராத ஒரு மழை வந்தது. சோளகக் காலத்தில் இந்தப் பக்கம் மழை அருமை. ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தது. அடுத்த நாள் ஓலைகளின் கறுப்பில் பாதி கழுவுப்பட்டிருந்தது, வெள்ளையும் குறைந்திருந்தது. உத்தியோகத்தர் தொலைபேசியில் நல்ல முன்னேற்றம் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். யார் சொன்னது என்று கேட்டேன். எல்லா இடமும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். எல்லா இடமும் மழை பெய்திருந்தது.

“மழை செய்ததைப் பிள்ளை தான் செய்தது எண்டு எழுதும்,” என்றார் அக்கா.

“அப்ப எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுறது?”

“மழை ஓட்டை போடாது.”

லென்ஸ் அவரிடமே இருந்தது. நான் திருப்பிக் கேட்கவில்லை. முற்றத்தில் குரும்பட்டி உருளும் சத்தம் குறைந்ததா என்று காலையில் கவனித்தேன். சில நாள் குறைந்தது போல இருந்தது. சில நாள் காற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. குறைந்ததாக நான் கேட்க விரும்பினேன் என்பதால் அந்தக் குறிப்புகளை நான் நம்பவில்லை.

ஆடி முதலாம் தேதி எட்டரை மணிக்கு மருந்தடிப்பவர் வந்தார். இயந்திரம், நீளக் குழாய், முகத்துக்குக் கட்டத் துணி எல்லாம் கொண்டுவந்திருந்தார். அக்கா அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நானும் போனேன். அந்த இளந்தென்னையில், மழைக்குப் பிறகு விரிந்த மட்டை ஒன்றிலிருந்து ஓலையில் ஒரு சாண் துண்டை வெட்டினார். முற்றத்துக்குக் கொண்டுவந்து, சுளகின் முதுகில் வைத்து, ஈர்க்கு நுனியால் ஒவ்வொரு கூடாகத் தொட்டு, லென்ஸால் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். என்னை எழுதச் சொன்னார்.

“வட்டம். வட்டம். பிளவு. வட்டம். இது திறக்கேல்லை.”

மருந்தடிப்பவர் கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னக்கா, சாத்திரம் பாக்கிறியளோ?”

“ஓம். உமக்குத்தான்.” தலையைத் தூக்கவில்லை. “பிளவு. வட்டம். வட்டம்.”

முடிந்ததும் என் கொப்பியை வாங்கித் தானே ஒருமுறை எண்ணினார். நான் கூட்டியதில் நம்பிக்கை இல்லாதவர் போல இன்னொரு முறையும் எண்ணினார். பிறகு லென்ஸைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

“நீர் இண்டைக்குப் போயிட்டு வாரும்,” என்று மருந்தடிப்பவரிடம் சொன்னார். “ஆவணி முதலாந்தேதி இதே நேரத்துக்கு வாரும்.” என் பக்கம் திரும்பினார். “உமக்கும் அதுதான் தவணை.”

அந்தத் துண்டில் இருந்தவை முப்பத்தொரு கூடுகள். பத்தொன்பதில் வட்டத் துளை. எட்டில் பிளவு. நாலு திறக்கவில்லை.